கேட்டலான் வழிப் பள்ளியில் மகளைச் சேர்க்கிறோம், ஸ்பானிஷ் பின்தங்கிவிடுமா?

கோதைநதி

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்குப் பார்சிலோனாவில் வேலை கிடைத்ததால் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் குடியேறியிருக்கிறோம். மகளை வரும் செப்டம்பரில் அரசுப் பள்ளியில் பாலர் வகுப்பில் சேர்க்க வேண்டும். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அரசுப் பள்ளி என்றால் கணக்கு, அறிவியல், பாட்டு, விளையாட்டு எல்லாமே இந்தக் கேட்டலோனியா பகுதியின் சொந்த மொழியான கேட்டலானில், ஸ்பானிஷுக்குத் தனியாகச் சில பாடவேளைகள் மட்டும். நாங்கள் இருவரும் கிளம்பும் முன் மாங்கு மாங்கென்று ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தோம். அலுவலகத்தில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஓடுகிறது, வீட்டில் தமிழ். இப்போது குழந்தைக்கு நான்காவதாக ஒன்று.

ஒரு பக்கம் தமிழ்நாட்டில் வளர்ந்தவள் என்பதால் மனசு கேட்டலான் பக்கம்தான் சாய்கிறது, சொந்த மண்ணில் சொந்த மொழியில் படிக்கக் கேட்பதில் என்ன தப்பு என்று தோன்றுகிறது. இன்னொரு பக்கம் அம்மாவாக யோசித்தால், நாளைக்கு வேலை மாட்ரிட்டுக்கு மாறினால் என்ன செய்வது, உலகத்தில் இத்தனை நாடுகள் ஸ்பானிஷ் பேசும்போது அதை விட்டுவிட்டுக் கேட்டலானில் முழுப் படிப்பா என்று பயமாக இருக்கிறது. தனியார் பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்பெயினில் இருப்பவர்கள் சொல்லுங்கள், குழந்தைகளின் ஸ்பானிஷ் என்ன ஆகிறது? அப்புறம், ஒரு நாட்டின் பொது மொழி இருக்கும்போது ஒரு பகுதி தன் மொழியில் மட்டும் பள்ளி நடத்துவது உண்மையிலேயே நியாயமா? வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கடற்கரைச்சாலை

ஸ்பானிஷ் பற்றிக் கவலையே வேண்டாம் சகோதரி. என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் அரசுப் பள்ளியில் படித்தார்கள், இருவரும் ஸ்பானிஷ் பேசினால் மாட்ரிட்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பள்ளி வாசலைத் தாண்டினால் தொலைக்காட்சி, யூடியூப், கடை, பேருந்து, பூங்காவில் விளையாடும் பிள்ளைகள் எல்லாம் ஸ்பானிஷ்தான், குறிப்பாகப் பார்சிலோனாவைச் சுற்றியுள்ள தொழில் ஊர்களில். இடைவேளை மணி அடித்ததும் கேட்டலான் வகுப்பறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் மகளுக்குப் பற்றாக்குறை வரக்கூடியது கேட்டலான்தான், ஸ்பானிஷ் அல்ல.

இந்த முறை எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் நியாயக் கேள்விக்கும் கொஞ்சம் பதில் கிடைக்கும். சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில், 1939 முதல் 1975 வரை, கேட்டலானுக்கு அரசிலும் பள்ளியிலும் இடமே இல்லை. வீட்டில் பேசியவர்களுக்குக்கூட அதில் எழுதத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதே காலத்தில் ஆந்தலூசியா, எக்ஸ்திரெமதூரா போன்ற தெற்குப் பகுதிகளிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் பார்சிலோனா பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்களுக்குக் கேட்டலான் தெரியாது. சர்வாதிகாரம் முடிந்ததும் பள்ளிகளை எந்த மொழியில் நடத்துவது என்ற கேள்வி வந்தபோது, சாந்தா கொலோமா என்ற தொழிலாளர் ஊரில் இந்தக் குடியேறிய பெற்றோர்களே எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டலான் வழியிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். 1983இல் அங்கேதான் இது தொடங்கியது. அவர்கள் கணக்கு எளிமையானது. கேட்டலான் தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்காது, தனித்தனிப் பள்ளி வைத்தால் இந்த ஊரில் இரண்டு சாதி உருவாகிவிடும். அதே ஆண்டுச் சட்டமும் மொழியை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிக்கக் கூடாது என்று வைத்தது. கேட்டலான் பள்ளி என்றால் பணக்காரக் கேட்டலான்காரர்கள் பிடிவாதமாகத் திணித்தது என்று மாட்ரிட்டில் பலர் நினைக்கிறார்கள், அது வரலாறு தெரியாத பேச்சு.

மாட்ரிட்வாசி

மேலே சொன்னதை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் இருப்பது மாட்ரிட்டில், என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் செவில்லாவிலிருந்து கேட்டலோனியாவுக்கு மாற்றலாகிப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன், அதுவரை நன்றாகப் படித்தவன், திடீரென்று வரலாற்றுப் பாடம் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருந்தான். சொந்த நாட்டுக்குள் ஊர் மாறிய பிள்ளை அவன். பொது மொழி என்பது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தானே?

கேட்டலோனியாவின் உயர் நீதிமன்றம் 2020இல் சொன்னது என்ன, நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம் பாடநேரமாவது ஸ்பானிஷில் இருக்க வேண்டும் என்றுதான். 2021இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றத்திலும் அதுவே நின்றது. நான்கில் மூன்று பங்கு கேட்டலானுக்கே இருக்கிறது, இது மொழியை அழிக்கிற தீர்ப்பா? ஆனால் அதே ஆண்டு கனெட் தெ மார் என்ற ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்காக அந்த 25 சதவீதத்தைக் கேட்ட குடும்பத்தைச் சமூக ஊடகத்தில் எப்படி ஏசினார்கள் என்பதை நாடே பார்த்தது. அப்புறம் 2022இல் கேட்டலோனியாவின் அரசும் நாடாளுமன்றமும் புது ஆணையும் சட்டமும் போட்டு, சதவீதக் கணக்கே கூடாது என்று தீர்ப்பைச் சுற்றிப் போனது. சிறுபான்மை மொழிக்காரர்களுக்கு நடந்த அநியாயம் எனக்குத் தெரியும். அதற்காக இன்று ஒரு குடும்பத்தை அப்படி நடத்தலாமா?

இன்னொன்று. பதினைந்து வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடத்தும் பிசா தேர்வில், 2022இல் வாசிப்புத் திறனில் ஸ்பெயின் சராசரி 474, கேட்டலோனியா 462. மொழிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் கேட்கவே கூடாத கேள்வியாக அதை ஆக்கிவிட்டார்கள்.

கடற்கரைச்சாலை

அந்தக் குடும்பத்தை ஏசியது அசிங்கம், அதில் எனக்கு உங்களோடு வேறுபாடு இல்லை. குழந்தையை நடுவில் வைத்து எந்தப் போராட்டமும் செய்யக் கூடாது.

ஆனால் பிசா எண்ணை வைத்து மொழியைக் குற்றம் சொல்ல முடியாது. இதே மொழி முறையோடு முந்தைய ஆண்டுகளில் கேட்டலோனியா நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது. இடையில் மாறியது வேறு: பள்ளிச் செலவு வெட்டு, புதிதாக வந்து சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வறுமை. அந்தச் செவில்லாப் பையன் போன்றவர்களுக்காகவே இங்கே வரவேற்பு வகுப்பு என்று ஒன்று பள்ளிகளில் இருக்கிறது. தினமும் சில மணி நேரம் தனியாக உட்காரவைத்து மொழி சொல்லித்தருவார்கள், மீதி நேரம் வகுப்போடு. நன்றாக நடக்கும் பள்ளியில் அது பெரிய உதவி. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் பெயருக்குத்தான் நடக்கிறது. கோபப்பட வேண்டிய இடம் அது.

25 சதவீதம் சின்ன எண்தான். ஆனால் யார் தரையில் கிடக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்டலோனியா அரசே ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில், அன்றாடம் பேசுவது கேட்டலான் என்று சொன்னவர்கள் 2003இல் 46 சதவீதம். 2023இல் 32.6. பள்ளி முழுக்கக் கேட்டலானாக இருந்தும் இந்த நிலைமை. சட்டப்படி சமம் என்று சொல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பெரியது சின்னதை விழுங்கிவிடும், அதற்குத் தனியாக ஒருவர் கெட்ட எண்ணம் வைத்திருக்கத் தேவையில்லை.

நெர்வியோன்_கரை

நான் பில்பாவோவில் இருக்கிறேன், பாஸ்க் பகுதி. இங்கே வேறு வழியில் போனார்கள், அதையும் தெரிந்துகொண்டால் இரண்டு பேருடைய வாதத்தையும் எடை போடலாம்.

பாஸ்க் மொழி ஸ்பானிஷுக்கு உறவே இல்லாதது, ஐரோப்பாவில் வேறு எந்த மொழிக்கும் உறவு இல்லாதது. கேட்டலானை ஸ்பானிஷ் தெரிந்தவர் சில மாதத்தில் குத்துமதிப்பாகப் புரிந்துகொள்வார், பாஸ்க் அப்படி வராது, உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். பிராங்கோ காலத்திலேயே 1940களில் சான் செபாஸ்தியானில் எல்பிரா சிபித்ரியா என்ற ஆசிரியை வீடுகளுக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாஸ்க்கில் பாடம் நடத்தினார். அந்த வீட்டு வகுப்புகளிலிருந்து பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் இகாஸ்தோலா பள்ளிகள் வளர்ந்தன. ஊருக்கு ஒரு பேச்சு வழக்கு இருந்ததால் பாடப்புத்தகம் எழுதவே முடியாத நிலை, அதற்கு 1968இல் பொது எழுத்து வழக்கு ஒன்றை உருவாக்கும் வேலையைப் பாஸ்க் மொழிக் கழகம் தொடங்கியது. பெரியவர்கள் பலருக்கு அது செயற்கையாகப் பட்டது, இன்றைக்கு அது இல்லாமல் பள்ளியே இல்லை.

1982 சட்டத்துக்குப் பிறகு பெற்றோரே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஏ என்றால் ஸ்பானிஷ் வழி, பாஸ்க் ஒரு பாடம். பி என்றால் பாதிப் பாதி. டி என்றால் பாஸ்க் வழி, ஸ்பானிஷ் ஒரு பாடம். மாட்ரிட்வாசி கேட்கும் சுதந்திரம் முழுதாக இருந்தது. என்ன நடந்தது என்றால், பாஸ்க் ஒரு வார்த்தை தெரியாத பெற்றோர்களே பிள்ளைகளை டி பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்று பெரும்பான்மை அதுதான். 1991இல் பாஸ்க் நன்றாகப் பேசத் தெரிந்த பெரியவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை, 2021இல் மூன்றில் ஒருவருக்கு மேல். ஸ்பானிஷ் யாருக்கும் போகவில்லை.

ஆனால் தேர்வுரிமைக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் பேச விரும்புவதில்லை. உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் டி பக்கம் போனதும், ஏ வகுப்புகளில் மிஞ்சியது பெரும்பாலும் புதிதாக வந்த வெளிநாட்டவர் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும். நாங்கள் வந்த புதிதில் பள்ளி தேடியபோது ஒரு பள்ளியில், உங்கள் மாதிரி குடும்பங்களுக்கு ஏ தான் சுலபம் என்று புன்னகையோடு சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். மனைவி விடவில்லை, டி தான் வேண்டும் என்று நின்றாள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் கசக்கிறது. சாந்தா கொலோமா பெற்றோர்கள் பயந்தது இதைத்தான். அதனால்தான் கேட்டலோனியாவின் ஒரே பள்ளி முறையை நான் மதிக்கிறேன், அங்கே நம்மைப் போன்றவர்களை ஒதுக்கிவைக்கத் தனி வகுப்பு கிடையாது.

பேசத் தெரிவது வேறு, பேசுவது வேறு. தெருவில் காதுகொடுத்துக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பில், மொத்தப் பாஸ்க் நாட்டிலும் பாஸ்க்கில் நடக்கும் உரையாடல் 14 சதவீதத்தைத் தாண்டியதில்லை, பில்பாவோவில் அதைவிட மிகக் குறைவு. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவருக்குத் தெரியாவிட்டால் எல்லோரும் ஸ்பானிஷுக்குத் தாவிவிடுவார்கள். இதை உடைக்க 2018 முதல் ஒரு இயக்கம் நடக்கிறது. குறிப்பிட்ட சில நாட்களுக்கு, முடிந்த இடத்தில் எல்லாம் பாஸ்க்கில் பேசுவேன் என்பவர் ஒரு பட்டை, பேச வராது ஆனால் நீங்கள் பாஸ்க்கிலேயே பேசுங்கள், எனக்குப் புரியும் என்பவர் வேறு பட்டை, சட்டையில் குத்திக்கொண்டு திரிவார்கள். இரண்டாவது பட்டை அற்புதமான யோசனை. பேசத் தயங்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

கோதைநதி

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. நெர்வியோன்_கரை அண்ணா சொன்ன ஏ வகுப்பு விஷயம் மனதைப் பிசைந்துவிட்டது. ஒரு சந்தேகம், பள்ளியில் கட்டாயம் எதுவும் இல்லாமல், மொழியை மக்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்ட பகுதி ஏதாவது ஸ்பெயினில் இருக்கிறதா? அங்கே என்ன ஆனது?

விகோ_மழை

அப்படி முழுதாக விட்டுவிட்ட இடம் என்று சொல்ல முடியாது, ஆனால் கிட்டத்தட்ட அப்படி ஒன்று நான் இருக்கும் கலிசியா. இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கலிசியாவின் நிலை மற்ற இரண்டுக்கும் தலைகீழ். பாஸ்க்கைப் போல அரிதான மொழி அல்ல, இங்கே கிராமம், மீன்பிடித் துறைமுகம், சந்தை எங்கும் பெரும்பான்மை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிய மொழி கலிசியன். மொழியைக் காப்பாற்ற யாரும் பள்ளிக்கூடம் கட்டத் தேவையில்லாத இடம். ஆனால் அது மீனவர், உழவர் மொழி என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. வீகோவுக்கும் கொருன்யாவுக்கும் வேலைக்கு வந்தவர்கள் தங்களுக்குள் கலிசியனில் பேசிக்கொண்டே, குழந்தையைப் பார்த்துத் திரும்பியதும் ஸ்பானிஷுக்கு மாறினார்கள். நம் ஊரில் ஆங்கிலத்தோடு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளியும் கைகொடுக்கவில்லை. 2010இல் வந்த அரசாணைப்படி பாடங்கள் இரண்டு மொழிக்கும் பங்கு பிரிக்கப்பட்டன, உயர்நிலையில் கணிதமும் இயற்பியல், வேதியியலும் ஸ்பானிஷில்தான். பாலர் வகுப்பில் பெரும்பான்மைப் பிள்ளைகளின் தாய்மொழி எதுவோ அதில் பாடம். நகரத்தில் அது ஸ்பானிஷ் என்று சொல்லவே வேண்டாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான சமநிலை இருக்க முடியாது. 2023 கணக்கெடுப்பில் முதல்முறையாகக் கலிசியனைவிட ஸ்பானிஷை அதிகம் பேசுபவர்கள் முந்திவிட்டார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கலிசியன் கொஞ்சம்தான் பேச வரும், அல்லது வரவே வராது. என் அலுவலக நண்பரின் தாத்தாவுக்கு ஸ்பானிஷ் தடுமாறும், மகளுக்குக் கலிசியன் தடுமாறும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் நண்பர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்கிறார். ஒரே வீடு அது.

ஆளைக் கேட்டால் எல்லோரும் எங்கள் மொழி எங்கள் பெருமை என்பார்கள். பெருமைக்குக் குறைவே இல்லை.

ஏட்டுச்சுரை

நியாயம் பற்றிய கேள்விக்குச் சட்டப் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன், யாரும் தொடவில்லை.

ஸ்பெயினின் 1978 அரசியலமைப்பில் மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஸ்பானிஷ் நாட்டின் ஆட்சிமொழி, அதை அறிந்திருப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை, பயன்படுத்துவது உரிமை. மற்ற மொழிகள் அந்தந்தப் பகுதியில் அவற்றின் சட்டப்படி ஆட்சிமொழியாக இருக்கலாம், அவை மதிப்போடு காக்கப்பட வேண்டிய பண்பாட்டுச் செல்வம். ஒரு மொழிக்குக் கடமை, மற்றதற்குப் பாராட்டு. இந்தியாவில்கூட இந்தியை அறிந்திருப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பில் எங்கும் இல்லை. கேட்டலோனியா 2006இல் தன் தன்னாட்சிச் சட்டத்தில் கேட்டலானையும் அறிந்திருக்கும் கடமை, நிர்வாகத்தில் அதற்கு முன்னுரிமை என்று எழுதிப் பார்த்தது. 2010இல் அரசியலமைப்பு நீதிமன்றம் முன்னுரிமையை வெட்டிவிட்டது, கடமையை ஸ்பானிஷுக்கு இணையான கடமையாகக் கொள்ள முடியாது என்று சுருக்கியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பார்சிலோனா தெருக்களில் திரண்ட கூட்டம் சாதாரணமானதல்ல, பின்னால் வந்த தனிநாட்டுக் கோரிக்கை வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே இரண்டும் சமம், பெற்றோர் விருப்பத்துக்கு விடுங்கள் என்ற வாதம் எனக்கு உறுத்துகிறது. ஆட்டம் தொடங்கும்போதே ஒரு பக்கத்துக்குக் கடமை என்ற பலம் இருக்கிறது. அதை ஈடுகட்டப் பள்ளியில் சின்ன மொழிக்குக் கூடுதல் இடம் கொடுப்பதுதான் நியாயம்.

மாற்றமும் நடக்கிறது. 2023 செப்டம்பரில் மாட்ரிட் நாடாளுமன்றக் கீழவையில் கேட்டலான், பாஸ்க், கலிசியன் மூன்றிலும் பேச அனுமதி வந்தது, உறுப்பினர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அந்தக் காட்சி அன்று தீவிர வலதுசாரி வோக்ஸ் கட்சிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, கருவிகளைப் பிரதமரின் இருக்கையில் வைத்துவிட்டு வெளியேறினார்கள். ஆனால் நாடாளுமன்றம் வழக்கம்போல நடக்கிறது, நாடு உடையவில்லை.

கேட்டலான் நண்பர்களும் ஒன்றைப் பெருமையாகச் சொல்லலாம். பிரான்ஸ் எல்லையில் பைரனீஸ் மலைக்குள் அரான் பள்ளத்தாக்கு என்று சுமார் பத்தாயிரம் பேர் வாழும் இடம், அங்கே பேசுவது ஆக்சித்தான் மொழியின் ஒரு வழக்கு. 2006 சட்டம் அந்த மொழியையும் கேட்டலோனியா முழுவதற்கும் ஆட்சிமொழி ஆக்கியது. பெரியவனிடம் உரிமை கேட்பவன் தன்னைவிடச் சிறியவனுக்குக் கொடுக்கிறானா என்பதை நான் எப்போதும் பார்ப்பேன். நம் மாநிலத்தில் படகர், தோடர், இருளர் மொழிகளுக்குப் பள்ளியில் என்ன இடம் என்று நாமும் யோசிக்க வேண்டும், ஆனால் அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மாட்ரிட்வாசி

கடமை பற்றிச் சொன்னது யோசிக்கவைத்தது. ஆனாலும் ஊர் மாறி வரும் பிள்ளைக்கு முதல் ஒரு வருடமாவது ஸ்பானிஷில் தேர்வெழுத உரிமை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வலென்சியாவில் பாருங்கள், 2025 தொடக்கத்தில் பெற்றோரிடம் வாக்கெடுப்பு வைத்துப் பள்ளி மொழியைக் கேட்டார்கள், பாதிக்குச் சற்றே மேல் வலென்சியனைத்தான் (கேட்டலானுக்கு அங்கே வழங்கும் பெயர்) கேட்டார்கள். மக்களைக் கேட்டால் மொழி செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

கடற்கரைச்சாலை

முதல் வருடச் சலுகை நல்ல யோசனை, அதை நானும் ஆதரிப்பேன். வலென்சியா வாக்கெடுப்பில் ஊருக்கு ஊர் வேறு வேறு முடிவு, அலிகாந்தே பக்கம் ஸ்பானிஷ் முந்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிப் பெற்றோர் வேண்டாம் என்றால் அந்த ஊர்க் குழந்தைகளில் பாதிப் பேர் இன்னும் இருபது வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு புரியாமல் வளர்வார்கள்.

கோதைநதி, நடைமுறைக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் தயங்காமல் சேருங்கள். வீட்டில் தமிழை மட்டும் பேசுங்கள், நீங்கள் படித்துவந்த ஸ்பானிஷைக் குழந்தையிடம் பழக வேண்டாம், அதை ஊர் பார்த்துக்கொள்ளும். நீங்களும் கேட்டலான் வகுப்பில் சேருங்கள். அரசு நடத்தும் தொடக்கநிலை வகுப்பு இலவசம், அதிலேயே தன்னார்வலர் ஒருவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பழகும் திட்டமும் உண்டு, எனக்கு வாய்த்த பாட்டியம்மா இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார். ஆசிரியை உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷுக்கு மாறுவார், இங்கே எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, மரியாதை என்று நினைத்துச் செய்வார்கள். கேட்டலானிலேயே சொல்லுங்கள், மெதுவாகச் சொன்னால் போதும் என்று கேளுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

பாலர் வகுப்புக்கு முன்பதிவு வழக்கமாக மார்ச்சில் நடக்கும். வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளிக்குக் கூடுதல் புள்ளி என்பதால் நகராட்சியில் குடியிருப்புப் பதிவை அதற்குள் முடித்துவிடுங்கள், வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். உங்கள் ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினால், அங்கே வரவேற்பு வகுப்பு நன்றாக நடக்கும் பள்ளி எது என்று தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.